ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? சென்னையைச் சுற்றிய ஒருநாள் பயணங்கள் பற்றி

திருக்கழுக்குன்றம் மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் கல்லில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குப் பண்டகசாலையும் குடியிருப்பும் இருந்தன. காலையில் கிளம்பி மலையேறிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். ஊர் பார்க்கப் போன இடத்தில் சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்துக்கு இந்தப் பக்கத்தில் முந்நூற்றைம்பது வயது.

அதே மலையில் இன்னொரு காட்சியும் உண்டு, அல்லது உண்டாயிருந்தது. நாள்தோறும் நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து இறங்கும். பூசை செய்பவர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை வாங்கி உண்டுவிட்டுப் பறந்துபோகும். ஊரின் பேரே அவற்றால் வந்தது. கழுகு என்று ஊர் சொன்னாலும் பறவை நூல்கள் அதை மஞ்சள்முகப் பாறு என்கின்றன. 1990-களில் அவை வருவது நின்றுபோனது. பெயர்கள் கல்லில் இருக்கின்றன, பறவைகள் இல்லை.

தலைநகரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய காட்டுயிர், தொல்சின்ன இடங்களை மதிப்பிடும் இந்தக் கட்டுரையை இங்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பயண ஏடுகள் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகப் போடுகின்றன. பறவை பார்க்க வேடந்தாங்கல், சிற்பம் பார்க்க மாமல்லபுரம். சென்னையைச் சுற்றியுள்ள நாட்டில் இந்தப் பிரிவினை செல்லாது என்பது என் வாதம். பறவையையும் கல்வெட்டையும் இங்கே ஒரே பொருள்தான் கொண்டுவந்து சேர்த்தது. அது தண்ணீர். ஏரி, காயல், ஆறு ஆகியவற்றின் கரையைப் பிடித்துப் போனால் ஒரு நாளில் இரண்டும் கிடைக்கும். தண்ணீரை விட்டுவிட்டுப் போனால் இரண்டுமே பாதிதான் கிடைக்கும்.

ஒரு நாள் என்பது எவ்வளவு தூரம்?

நடைமுறையில் ஒருநாள் பயணத்தின் எல்லை சென்னையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மாமல்லபுரமும் பழவேற்காடும் பூண்டியும் 60 கிலோமீட்டரை ஒட்டி இருக்கின்றன. வேடந்தாங்கல் 80, உத்திரமேரூர் 90. தூரத்தைவிட ஊரைத் தாண்டும் நேரம்தான் பயணத்தை நிர்ணயிக்கிறது. தாம்பரத்துக்கும் பரனூர் சுங்கச்சாவடிக்கும் இடையே விடிகாலையில் கரையும் தூரம் வேறு, ஞாயிறு மாலையில் கரையும் தூரம் வேறு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, வடசென்னைக்காரர் தெற்கே போவதற்கு முன்னால் கிளாம்பாக்கம் போவதே ஒரு பயணம்.

அதனால் புறநகர் ரயிலைக் குறைத்து எண்ணக் கூடாது. பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டி விரிகிறது. அடுத்தது செங்கல்பட்டு. பழைய கோட்டையை ஊடறுத்தே இங்கே ரயில்பாதை போட்டிருக்கிறார்கள். ஏரியும் கோட்டையும் அடுத்தடுத்து வந்துபோகும் அந்தச் சில நிமிடங்கள் இந்த நாட்டின் சுருக்கம்.

ஊருக்குள்ளேயே கிடைப்பதையும் சொல்லிவிடலாம். கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்காவானது, வெளிமான் திரியும் இடம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், ஈரநிலங்களுக்கான உலகளாவிய ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரைநாளுக்கு இவை போதும். முழுநாள் கையில் இருந்தால் ஊரை விட்டு வெளியே போவதே நல்லது.

தென்மேற்கு: தாங்கல்களின் நாடு

பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று அன்றாடம் சொல்லும் சென்னைக்காரர் பலர், தாங்கல் என்றால் சிறு ஏரி என்பதை மறந்துவிட்டார்கள். அந்தத் தாங்கல்கள் வீடுகளாகிவிட்டன. வேடந்தாங்கல் மட்டும் தாங்கலாகவே இருக்கிறது. பரப்பு 30 ஹெக்டேர்தான். உலகம் அறிந்த சரணாலயம் இவ்வளவு சிறியதா என்று முதல்முறை வருபவர்கள் வியப்பார்கள்.

இந்த இடம் இயங்கும் விதம் எளியது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புகிறது. ஏரிக்குள் நிற்கும் கடம்பும் கருவேலமும் இடுப்பளவு நீரில் மூழ்குகின்றன. தரைவழி வரும் எதிரிகளுக்கு எட்டாத தீவுகளாக மரங்கள் ஆகிவிடுவதால் பறவைகள் அவற்றில் கூடு கட்டுகின்றன. தீனிக்கு அவை இந்த ஏரியை நம்புவதில்லை. சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்துபோய் மீன், தவளை, நத்தை பிடித்துவருகின்றன. கூட்டின் அடியில் விழும் எச்சம் ஏரிநீரை உரமாக்குகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. உழவர் பறவையைக் காப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து காப்புறுதி வாங்கியது இந்தக் கணக்கின் அடிப்படையில்தான். இன்றும் இங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே விலக்க வேண்டும். வேடந்தாங்கலில் தெரிவதெல்லாம் வெளிநாட்டுப் பறவை என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்வதை பறவை பார்க்கும் மேடையில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழையும் தண்ணீரும் பார்த்து இடம் மாறுபவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும்தான் வடக்கேயிருந்து குளிர்காலம் கழிக்க வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. அந்த வாத்துகளையும் உள்ளான்களையும் பார்க்க, அருகிலுள்ள கரிக்கிளி ஏரி இன்னும் நல்ல இடம். 61 ஹெக்டேர் பரப்பில் மரம் குறைந்த ஆழமற்ற நீர். வருபவர்களும் குறைவு.

பிளேஸ் துரையின் பெயரை வைத்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போகலாம். மதுராந்தகம் ஏரிக்கரை ஆண்டுதோறும் உடைந்ததாகவும், ஒரு மழையிரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டருக்கு வில்லேந்திய இருவர் காவல் நிற்பது தெரிந்ததாகவும், அவர் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் ஊர்க்கதை சொல்கிறது. கோயிலின் பெயர் ஏரிகாத்த ராமர். சன்னதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. கதையை நம்புவது அவரவர் விருப்பம். பறவைக்கு உறுதி தந்தவரும் கோயிலுக்குத் திருப்பணி செய்தவரும் ஒரே ஆள் என்பதும், இரண்டையும் செய்ய வைத்தது ஏரிதான் என்பதும் கவனிக்கத்தக்கவை. வரி வசூலிக்க வந்தவருக்கு ஏரி நிரம்பினால்தான் கஜானா நிரம்பும்.

வேடந்தாங்கலிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளுக்கும் (ஊர்ப் பிரிவுகளுக்கும்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. பழங்கால மக்களாட்சிக்குச் சான்று என்று வழிகாட்டிகள் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். கால்வேலி நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். தேர்வானவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஊரின் பல்லவர் காலத்து ஏரியான வயிரமேகத் தடாகம் போன்ற நீர்நிலைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. கல்வெட்டைப் படமெடுத்துவிட்டு ஏரிக்கரையில் கால்வைக்காமல் திரும்புகிறவர், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் பாராமல் போகிறவர்.

இன்னும் ஓர் அடி போக முடிந்தால் மாமண்டூர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி சாலையில் இருக்கிறது. குன்றின் ஒருபுறம் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள், அவற்றின் முன்னே சித்திரமேகத் தடாகம் என்று பேர்பெற்ற ஏரி. சிதைந்த கல்வெட்டு ஒன்றில் மத்தவிலாசம் என்ற அவனது நாடகத்தின் பெயர் வருகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் குடைவரை வாசலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டியவரை நீரும், நீர்மேல் நாரையும் தெரியும். இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடும். என்னைக் கேட்டால் சென்னையிலிருந்து போகக்கூடிய ஒருநாள் இடங்களில் இதுவே முதலாவது. கூட்டம் கிடையாது, கடையும் கிடையாது. கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும்.

தெற்கு: கிழக்குக் கடற்கரைச் சாலை

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதப்படாதது குறைவு. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் காலத்தது. அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று வழக்கு நடக்கும் பெரிய புடைப்புச் சிற்பத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் நீந்தி மேலேறுகிறார்கள். அந்தப் பிளவில் மேலிருந்து தண்ணீர் வழிய விட ஏற்பாடு இருந்ததாக ஆய்வாளர் கருதுகிறார்கள். நீரின் இருபுறமும் யானைக் கூட்டம், மான்கள், சிங்கங்கள், எலிகளை ஏமாற்றித் தவம்செய்யும் பூனை. காட்டுயிரையும் கலைச்சின்னத்தையும் வேறுவேறாகப் பார்க்காத கண் அந்தச் சிற்பியுடையது.

உயிருள்ளவற்றைப் பார்க்க வழியிலேயே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் முதலானோர் தொடங்கியது. அங்கே முதலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு போன இருளர்கள் 1978-இல் அமைத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அந்த நஞ்சிலிருந்து உருவாகிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு சமூகத்தின் கைத்திறன் நாட்டின் மருந்தாக மாறிய இடம் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப்போகலாம்.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து 2005-இல் அகழ்ந்தபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் கட்டடத்துக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில். கடல் ஒரு கோயிலைக் காட்டிக்கொடுத்த கதை இது. தெற்கே இன்னும் நீட்டினால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரும். அதையும் தாண்டினால், 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து 1760-இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டை வரும். ஆலம்பரையில் கோட்டையைவிடக் கோட்டைக்குக் கீழே கிடக்கும் கழிமுகம் அழகு.

வடக்கு: பழவேற்காட்டுக் காயல்

பழவேற்காடு ஏரி என்று சொன்னாலும் அது காயல், உப்பும் நன்னீரும் கலந்தது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு, அதில் ராக்கெட் ஏவுதளம். மழைக்காலம் கழிந்ததும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேயும். படகுப் பயணத்தை முன்னிட்டு இங்கே வருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கரையிலிருந்தே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இதுதான். கோட்டை இன்று புதர்மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் தப்பியிருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் காவல் நிற்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். மதராஸ் என்ற ஊரே 1639-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே துறைமுகமாகச் செழித்த ஊருக்கு இன்று சென்னையிலிருந்து ஒருநாள் போய்வருகிறோம்.

கோட்டை மேடானாலும், பழைய ஒழுங்கு ஒன்று இந்தக் காயலில் உயிரோடு இருக்கிறது. மீனவர் அதைப் பாடு என்கிறார்கள். இறால் கிடைக்கும் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. உத்திரமேரூரில் குடத்துக்குள் கைவிட்டதும் பழவேற்காட்டில் சீட்டுப் போடுவதும் ஒரே புத்தியின் இரு வடிவங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பொதுநீரை வலுத்தவன் கையில் விடக் கூடாது, சீட்டின் கையில் விடலாம். அங்கே போலவே இங்கும் உரிமை உள்ளவர்களுக்குள்தான் சீட்டு. வெளியே நிற்பவர்களின் மனக்குறையும் உண்டு. கல்லில் வெட்டாததால் பாடு முறையைப் பார்க்க யாரும் வருவதில்லை. படகுத்துறையில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் தெரியவரும்.

நேரமிருப்பவர்கள் சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு வரை போகலாம். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் ஊர் ஏரி. நீரில் நிற்கும் கடம்ப மரங்கள். வேடந்தாங்கலின் தெலுங்கு உடன்பிறப்பு.

மேற்கு: கொசஸ்தலைக் கரையில்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. பல்லாவரத்தில் இன்று அதைத் தேடிப் போனால் போக்குவரத்து நெரிசல்தான் கிடைக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் வில்லியம் கிங்குடன் போய்ச் சேர்ந்த அதிரம்பாக்கம், பூண்டிக்கு அருகே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இன்னும் முட்புதர்க் காடாக இருக்கிறது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே நடத்திய அகழாய்வின் முடிவு, அடியடுக்குக் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இலும், மேலடுக்கின் இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டு வயது என்று 2018-இலும் வெளிவந்தது. தண்ணீரும், ஆறு உருட்டிச் சேர்த்த குவார்ட்சைட் கல்லும் ஒரே இடத்தில் கிடைத்ததால் ஆதிமனிதர் இங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

ஒருநாள் பயணிக்கு இந்தத் திசைதான் கடினமானது. கண்ணுக்குத் தெரிவது மழைநீர் அரித்த செம்மண் ஓடைகள் மட்டும். கல்லைப் பொறுக்கிக்கொண்டு வரவும் கூடாது. எடுத்த மறுகணம் அது சான்று என்ற மதிப்பை இழந்து வெறும் கல்லாகிவிடும். அதனால் முதலில் பூண்டியிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தைப் பார்ப்பது நல்லது. பிறகு காட்டுவழி நடந்து குடியம் குகைக்குப் போகலாம். உருண்டைக் கற்கள் பதிந்த பெரும் பாறைக் கூரையின் கீழே நிழலும், பாறையிடுக்கில் தேனடையும். திரும்பும் வழியில் 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம். நாம் வீட்டில் திறக்கும் குழாய்க்கு வரும் தண்ணீரின் ஒரு பங்கு அந்தப் பழைய ஆற்றுப் படுகையிலிருந்துதான்.

காலமும் கூட்டமும்

பறவைகளின் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், மே. இந்த முரண்பாட்டால் வேடந்தாங்கலை வெறும் மரமாகப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். தமிழருக்கு என்று ஒரு பயண நாள் பருவத்தோடு பொருந்தி அமைந்திருக்கிறது, காணும் பொங்கல். தை மூன்றாம் நாளில் ஏரியில் நீர் இருக்கும், கூட்டில் குஞ்சு இருக்கும், வெயிலும் தாளும். ஆனால் அன்று மாமல்லபுரத்திலும் வண்டலூரிலும் மனிதத் தலைகள்தான் தெரியும். அதற்கு முந்தைய வாரத்தின் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கல்லுக்குக் காலை, பறவைக்கு மாலை என்பது பொதுவிதி. இரைதேடப் போன பறவைகள் பொழுது சாயும்போது அணியணியாகத் திரும்புவதே வேடந்தாங்கலின் முதன்மைக் காட்சி.

மழை பொய்த்த ஓர் ஆண்டில், இதெல்லாம் தெரிந்திருந்தும், ஜனவரியில் அங்கே போய் நின்றேன். ஏரி வெடித்துக் கிடந்தது. வாசலில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். “வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு ஏரியில தண்ணி இருக்கான்னு கேட்டிருக்கலாமே சார்? தண்ணி இல்லாம பறவை எதுக்கு வரும்?” என்றார்.

யார் காவல்?

ஓர் ஏரியின் தண்ணீர் நீர்வளத்துறைக்கு, அதில் இறங்கும் பறவை வனத்துறைக்கு, கரைக் கோயில் அறநிலையத்துறைக்கு, குன்றின் குடைவரை தொல்லியல் துறைக்கு. ஏரி வாரியம் என்று ஆறு பேர் பார்த்த வேலை இன்று நான்கு அலுவலகங்களில் கிடக்கிறது. ஒவ்வொன்றும் தன் வேலியை மட்டும் காக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கல்லுக்கு அது போதும். சுற்றியுள்ள வயல்களில் இரைதேடும் பறவைக்கு எவ்வளவு தேவை?

அந்தக் கேள்வி 2020-இல் கூர்மையாக எழுந்தது. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு 1998 முதல் சரணாலயம் என்ற அறிவிப்பு இருக்கிறது. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு யோசனை வந்தது. ஏரியில் கைவைக்கவில்லையே என்பது ஆதரித்தவர்களின் வாதம். கூடு ஏரியில், சோறு வயலில் என்பது எதிர்த்தவர்களின் விடை. கடும் எதிர்ப்புக்குப் பிறகு யோசனை கைவிடப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிளியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அந்த 5 கிலோமீட்டருக்குள் வயல் மனையாக மாறினால், பட்டியலில் இடம் இருக்கும், பறவைக்கு இரை இருக்காது.

திருக்கழுக்குன்றம் இதற்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை. அங்கே மலை கெடவில்லை, கோயில் கெடவில்லை, பொங்கல் வைப்பவரும் இருந்தார். 1990-களில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பாறுகள் சரிந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றைக் கொன்றது என்பது 2004-இல் நிறுவப்பட்டது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தார்கள். திருக்கழுக்குன்றத்து இணைக்கு என்ன நேர்ந்தது என்று தனியே நிறுவ முடியாது. ஆனால் ஓர் இடத்தின் உயிரை அந்த இடத்தை மட்டும் வேலிகட்டிக் காத்துவிட முடியாது என்பது உறுதி.

ஒருநாள் பயணியால் இதில் செய்யக்கூடியது சிறிது. நான்கு இடம் ஓடாமல் ஒரு நீர்நிலையைத் தேர்ந்து, அதன் கரை, மதகு, கோயில், மரம் என்று காலையிலிருந்து மாலைவரை அங்கேயே கழிக்கலாம். சாப்பாட்டையும் தேநீரையும் அந்த ஊரிலேயே வாங்கலாம். கல்லில் பெயர் எழுதாமல் வரலாம். கிளம்பும் முன் ஊரில் யாருக்காவது போன் போட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கலாம். அதிகம் பேர் அதைக் கேட்கத் தொடங்கினால், இல்லை என்ற பதில் வரும் ஆண்டில் ஏன் இல்லை என்ற அடுத்த கேள்வியும் சென்னையிலிருந்து புறப்படும்.